உழவில் கிளம்பும் ஓடுகள்: காந்த அளவாய்வு எதைக் காட்டும்?

கேள்வி: சிவகங்கைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. உழும்போதெல்லாம் கறுப்பு சிவப்பு ஓடுகளும் செங்கல் துண்டுகளும் வருகின்றன. அடியில் சுவர் இருக்கிறதா என்று தோண்டாமலே காந்த அளவாய்வில் அறிய முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். மண்ணுக்குள் இருப்பவை பூமியின் காந்தப் புலத்தில் உண்டாக்கும் சிறு மாற்றங்களைக் கருவியால் அளந்து படமாக்குவதே காந்த அளவாய்வு. முதலில், அது கண்மாய் வண்டல் அடித்த நிலமா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். வண்டலோடு ஓடுகளும் வந்திருக்கலாம். கருவேலங்கட்டைக்குக் கரிமூட்டம் போட்ட இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வெந்த மண் காந்தத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதால், மூட்டத் தடம் பழைய சூளையைப் போலவே தெரியும்.

கடலை பறித்து நிலம் சமமானபின் அளப்பது நல்லது. புது உழவின் சால்கள் படத்தில் கோடு கோடாக விழும். நிலத்தை 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து மூங்கில் முளை அடியுங்கள், இரும்பாணி கூடாது. அரை மீட்டருக்கு ஒரு கோடு, வடக்கு தெற்காக நடக்க வேண்டும். இரண்டு ஏக்கருக்குச் சுமார் 20 சதுரம், 16 கிலோமீட்டர் நடை. கருவி பிடிப்பவரிடம் பெல்ட் கொக்கி, கைபேசி, சாவி எதுவும் இருக்கக் கூடாது. இங்கே பூமியின் காந்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு). மண் நிரம்பிய ஒரு பழைய குழி அதில் சில நானோடெஸ்லாவைத்தான் மாற்றும். முள்கம்பி வேலியும் ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாயும் தம்மைச் சுற்றிப் பல மீட்டருக்கு அந்த மெல்லிய மாற்றத்தை விழுங்கிவிடும். வெயில் ஏறினால் கருவியின் சுழிநிலை (பூஜ்யம் காட்ட வேண்டிய அளவு) நகரும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் சரிபாருங்கள்.

படத்தைப் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஐரோப்பியக் கையேடுகளில் குழியின் உச்ச அளவு ஏறக்குறைய அதன் தலைக்கு மேலேயே வரும். காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப் புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடு) தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போவதால், நமக்குப் புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்கிறது. மேலும் கீழுமாக இரு உணரிகள் கொண்ட செங்குத்துச் சரிவுமானி என்ற காந்தக் கருவியில் ஒரே குழி தெற்கே கூடுதலும் வடக்கே குறைவுமாக இரட்டையாகத் தெரியும். குழி இருப்பது நடுவில். இரும்புத் துண்டும் இரட்டையாகத்தான் வரும், ஆனால் கூர்மையாக, எந்தத் திசையிலும்.

சுவர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். கிழக்கு மேற்குச் சுவர் பட்டையாகத் தெரியும். வடக்கு தெற்குச் சுவரோ நீளவாக்கில் காந்தமேறுவதால் இரு முனைகளில் மட்டும் தலைகாட்டி நடுவில் மறைந்துவிடும். படத்தில் சுவர் இல்லை என்பதால் நிலத்திலும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அந்த இடத்தில், மண்ணில் மின்முனைகளைக் குத்தி மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளக்கும் மின்தடை அளவாய்வு செய்யச் சொல்லுங்கள். காய்ந்த மண்ணில் மின்முனை பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின், மண்ணில் ஈரம் இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும்.