கொலாஜன் பவுடர் சிறுநீரகச் சவ்வைச் சரிசெய்யுமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 11. சிறுநீரில் மூன்று முறை ரத்த அணுக்கள் தெரிந்தன. என் தம்பிக்கு 26 வயதிலேயே சிறுநீரகம் செயலிழந்தது, காதும் மந்தம். மரபணுப் பரிசோதனையில் மகனுக்கு ‘ஆல்போர்ட் நோய், ஐந்தாம் கொலாஜன் இழையில் குறை’ என்று வந்திருக்கிறது. கொலாஜன் பவுடர் கொடுக்கலாமா?

பதில்: பவுடரால் பயனில்லை, அம்மா. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது.

தோலிலும் எலும்பிலும் கொலாஜன் என்ற புரதம் கயிறாகத் திரண்டிருக்கும். சிறுநீரக வடிகட்டியின் அடித்தளச் சவ்வில் இருப்பது நான்காம் வகைக் கொலாஜன். அது வலையாகப் பின்னிக்கொள்ளும். மூன்று இழைகள் முறுக்கிச் சேர்ந்து, சுமார் 400 நானோமீட்டர் நீளமுள்ள மூலக்கூறாகும். அதன் ஒரு முனையில் நான்கு மூலக்கூறுகள் கைகோத்துக்கொள்ளும். மறுமுனையில் இரண்டிரண்டாக ஒட்டும். அந்த ஒட்டை இறுக்கும் பிணைப்பு உருவாகத் துளி புரோமைடு தேவை என்பது 2014-இல்தான் தெரியவந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த நான்காம் வகைக் கொலாஜனின் இழைகளில் மொத்தம் ஆறு விதம் உண்டு; உங்கள் மகனுக்குக் குறை இருப்பது அவற்றில் ஐந்தாவதில். கருவில் வடிகட்டியின் வலை முதல் இரண்டு இழைகளால் ஆனது. பிறகு 3, 4, 5 ஆகிய இழைகள் சேர்ந்த வலை அந்த இடத்துக்கு வரும். இதில் குறுக்குப் பிணைப்புகள் அதிகம்; ரத்த அழுத்தத்தைத் தாங்கும். ஐந்தாம் இழை இல்லையென்றால் மற்ற இரண்டும் வலையில் சேர முடியாது. கருவில் இருந்த பழைய வலையே தொடரும். நாளடைவில் அது நைந்து, அடுக்கடுக்காகப் பிரியும். உள்காதிலும் கண்ணின் லென்ஸ் உறையிலும் இதே வலைதான் உண்டு. உங்கள் தம்பியின் காது மந்தமானதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

பவுடர் குடலில் செரித்து அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துவிடும். வலையைப் பின்னுபவை சிறுநீரகச் செல்களே. பின்னும் கணக்கே பிழையாக இருக்கும்போது நூலைக் கூடுதலாகக் கொடுத்து ஆவதொன்றுமில்லை.

ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரகம் பழுதாவதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடும். சீக்கிரம் தொடங்குவதே நல்லது. சிறுநீரக மருத்துவரிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள். காதும் கண்ணும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். வலி மாத்திரைகளைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஐந்தாம் இழையின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; ஆண் பிள்ளைக்கு அது தாயிடமிருந்தே வரும். தம்பிக்கும் மகனுக்கும் இதே குறை என்றால் உங்களிடமும் இருக்கும். அது உங்கள் தவறல்ல. பெண்கள் ‘கடத்துபவர்கள் மட்டுமே’ என்று சொல்லி விட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை. அவர்களுக்கும் சிறுநீரகம் பழுதாகலாம். அடுத்த முறை மகனின் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது உங்களுடையதையும் சேர்த்துக் கொடுங்கள்.