நன்றியுணர்வு ஆய்வறிக்கை: வாக்கியத்துக்கு முன் எண்ணைத் திருத்துங்கள்

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 18 முதல் 22 வயது வரையுள்ள 120 கல்லூரி மாணவர்களிடம் கூகுள் ஃபார்ம் மூலம் நன்றியுணர்வையும் நல்வாழ்வையும் அளந்து டிசர்டேஷன் எழுதினேன். நன்றியுணர்வுக்கு ஜிக்யூ-6 என்ற வினாத்தாள், நல்வாழ்வுக்கு ஐந்து கூற்றுகள் கொண்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல். முதலாவதன் ஆல்ஃபா 0.48, இரண்டாவதன் ஆல்ஃபா 0.81. இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு (கோரிலேஷன், ஆர்) 0.31, பி மதிப்பு .000. வாழ்க்கைத் திருப்தியில் ஆண் பெண் வேறுபாடு இல்லை (பி = .08). நன்றியுணர்வு நல்வாழ்வை உயர்த்துகிறது, ஆகவே கல்லூரிகளில் நன்றி டைரி எழுதவைக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். 'மேஜர் ரிவிஷன், டிஸ்கஷன் மிகையாக இருக்கிறது' என்று கைடு திருப்பித் தந்துவிட்டார். வாக்கியங்களை மாற்றி மாற்றி எழுதுகிறேன், சரியாக வரவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: வாக்கியங்களை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். கோளாறு எங்கே என்று உங்கள் கேள்வியே காட்டிக்கொடுக்கிறது: ஆல்ஃபா 0.48. ஓர் அளவுகோலின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுவதுதான் ஆல்ஃபா. இந்த எண் சரியாகும்வரை டிஸ்கஷனில் எதை எழுதினாலும் திரும்பவும் அழிக்க வேண்டியிருக்கும்.

மெக்கலோ, எம்மன்ஸ், சாங் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஜிக்யூ-6இல் ஆறு கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். இவற்றில் 3ஆவதும் 6ஆவதும் எதிர்த்திசையில் எழுதப்பட்டவை. நன்றியுணர்வு குறைந்தவர்தான் அவற்றுக்கு அதிக எண் போடுவார். கூட்டுவதற்கு முன் அந்த இரண்டையும் திருப்ப வேண்டும்: 8இலிருந்து அவர் போட்ட எண்ணைக் கழித்தால் போதும். 7 என்பது 1 ஆகும், 2 என்பது 6 ஆகும். இதைச் செய்யாமல் கூட்டினால் நான்கு கூற்றுகள் ஒரு பக்கமும் இரண்டு கூற்றுகள் எதிர்ப்பக்கமும் இழுக்கும், ஆல்ஃபா சரியும். இந்த அளவுகோலில் 0.48 என்று பார்த்தவுடன் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

உறுதி செய்துகொள்வது எளிது. எஸ்பிஎஸ்எஸ் புள்ளியியல் மென்பொருளில் ரிலையபிலிட்டி அனாலிசிஸ் ஓட்டும்போது, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பொத்தானுக்குள் போய் 'ஸ்கேல் இஃப் ஐட்டம் டெலீட்டட்' என்பதை டிக் செய்யுங்கள். வரும் அட்டவணையில் ஒவ்வொரு கூற்றும் மற்றக் கூற்றுகளோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று ஒரு நிரல் இருக்கும். 3, 6 இரண்டுக்கும் அங்கே எதிர்மறை எண் இருந்தால் திருப்பவில்லை என்று பொருள். திருப்பிய மதிப்பை எப்போதும் புதிய நிரலில் வையுங்கள், பழையதன் மேல் எழுதாதீர்கள். ஏற்கெனவே எக்செல்லில் திருப்பியதை மறந்து எஸ்பிஎஸ்எஸ்ஸில் மறுபடி திருப்பி, பழைய இடத்துக்கே வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது.

திருப்பியபிறகும் ஆல்ஃபா 0.7ஐத் தொடவில்லை என்றால் பதில்களை வரிசை வரிசையாகப் பாருங்கள். ஆறு கூற்றுக்கும் 7, 7, 7 என்று ஒரே எண் போட்டவர்கள் இருப்பார்கள். எதிர்த்திசைக் கூற்றுக்கும் அதே 7 என்றால் அவர் படிக்காமல் தட்டியிருக்கிறார், அல்லது எதிர்மறை ஆங்கில வாக்கியம் அவருக்குப் புரியவில்லை. இப்படிப்பட்டவர்களை நீக்கலாம். ஆனால் நீக்கும் விதியை, ஒட்டுறவைத் திரும்பக் கணக்கிடுவதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். எத்தனை பேரை ஏன் நீக்கினீர்கள் என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். நீக்காமல் வரும் முடிவையும் ஒரு வரியில் தந்துவிட்டால் வைவாவில் யாரும் உங்களை மடக்க முடியாது.

6ஆவது கூற்று உலகெங்கும் தொல்லை கொடுப்பதுதான். வளரிளம் பருவத்தினரிடம் இந்த அளவுகோலைச் சோதித்த ஃப்ரோ குழுவினர் 2011இல் அதை விட்டுவிட்டு ஐந்து கூற்றுகளையே பரிந்துரைத்தார்கள். உங்கள் தரவிலும் அது ஒட்டவில்லை என்றால் ஐந்து கூற்றுகளோடு இன்னொரு கணக்கு போட்டு இரண்டையும் தாருங்கள். ஒட்டுறவு கூடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கூற்றை நீக்குவது மட்டும் கூடாது.

இந்த வேலை முடிந்ததும் உங்கள் 0.31 மாறும். பெரும்பாலும் கூடும், ஏனென்றால் இரைச்சல் நிறைந்த அளவீடு ஒட்டுறவைக் குறைத்துக் காட்டும். ஆனாலும் வருவது வரட்டும், வந்ததை எழுதுங்கள். சராசரி, திட்ட விலக்கம், அட்டவணை, அப்ஸ்ட்ராக்ட் என்று நன்றியுணர்வு மதிப்பெண் தொட்ட இடமெல்லாம் புது எண் போக வேண்டும். ஒரு பழைய எண் எங்காவது தங்கிவிட்டால், தேர்வாளர் முதலில் அதைத்தான் பார்ப்பார். கணக்கிட்டதும் ஒரு சிதறல் வரைபடமும் போட்டுப் பாருங்கள். இந்த அளவுகோலில் மதிப்பெண்கள் மேல்முனையில் (மொத்தம் 42) குவிவது வழக்கம். குவியல் அதிகமாக இருந்தால், மதிப்பெண்களைத் தரவரிசையாக்கிக் கணக்கிடும் ஸ்பியர்மன் ஒட்டுறவையும் சேர்த்துத் தாருங்கள்.

அடுத்தது, முடிவை எழுதும் முறை. எழுதும் விதத்தைக் காட்ட உங்கள் பழைய எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'நன்றியுணர்வுக்கும் நல்வாழ்வுக்கும் இடையே மிகவும் குறிப்பிடத்தக்க உறவு உள்ளது (ஆர் = 0.31, பி = .000).' உண்மையில் உறவே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு உறவு தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதே பி. அது ஒருபோதும் சுழியம் ஆகாது. மென்பொருள் மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்வதால் அப்படித் தெரிகிறது. 'பி < .001' என்று எழுதுங்கள். 'மிகவும்' என்ற சொல்லும் வேண்டாம். பி சிறியதாக இருப்பதால் உறவு வலுவானது என்று ஆகிவிடாது. திருத்திய வடிவம்: 'நன்றியுணர்வு மதிப்பெண் கூடுதலாக இருந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தியும் கூடுதலாக இருந்தது, ஆர்(118) = .31, 95% நம்பிக்கை இடைவெளி [.14, .46], பி < .001.' அடைப்புக்குள் உள்ள 118 என்பது 120இலிருந்து 2 கழித்தது, ஆள் குறைந்தால் அதுவும் குறையும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் ஒன்றைத் தாண்ட முடியாத இந்த எண்களுக்குப் புள்ளியின் முன் சுழியம் போடுவதில்லை. .14 முதல் .46 வரை என்ற இடைவெளியைப் பாருங்கள். உறவு மெலிந்ததாகவும் இருக்கலாம், ஓரளவு வலுவானதாகவும் இருக்கலாம் என்று உங்கள் தரவே சொல்கிறது. டிஸ்கஷன் இந்த அகலத்துக்குள்தான் நிற்க வேண்டும். .31ஐ வர்க்கமாக்கினால் சுமார் 10 சதவீதம். திருப்தியில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மீதி 90 சதவீதம் இந்த மதிப்பெண்ணோடு சேர்ந்து போகவில்லை.

'நல்வாழ்வு' என்ற சொல்லையும் கவனியுங்கள். நீங்கள் அளந்தது டீனரும் அவர் குழுவினரும் 1985இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல். தன் வாழ்க்கையைப் பற்றி ஒருவர் சொல்லும் மதிப்பீட்டை மட்டுமே அது அளக்கிறது. அகநிலை நல்வாழ்வு என்று டீனர் சொல்வதில் இன்ப உணர்வுகளும் துன்ப உணர்வுகளும் சேரும், அவற்றுக்கு பனாஸ் போன்ற வேறு அளவுகோல் வேண்டும். அதை நீங்கள் பயன்படுத்தவில்லை. ஆகவே தலைப்பிலும் கருதுகோளிலும் முடிவிலும் 'வாழ்க்கைத் திருப்தி' என்று மாற்றுங்கள். தலைப்பு சிறியதாகிவிடுகிறதே என்று வருந்த வேண்டாம். உள்ளே இருப்பதையே சொல்லும் தலைப்புக்குத்தான் மதிப்பெண்.

ஆண் பெண் ஒப்பீட்டில் 'வேறுபாடு இல்லை' என்று முடித்ததும் தவறு. உதாரணமாக 84 பெண்கள், 36 ஆண்கள் என்றால் பி = .08க்கு விளைவளவு (வேறுபாடு எவ்வளவு பெரியது என்ற அளவு) 0.35 அளவில் வரும், அதன் இடைவெளி ஏறக்குறைய -0.04 முதல் 0.74 வரை. வேறுபாடு சுழியமாகவும் இருக்கலாம், கணிசமாகவும் இருக்கலாம். இந்த ஆள் எண்ணிக்கையில் 0.56 அளவு வேறுபாடு இருந்தால்தான் அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு. 'வேறுபாடு இருப்பதாக இந்தத் தரவிலிருந்து முடிவு செய்ய இயலவில்லை' என்பதே சரியான வாக்கியம். 'குறிப்பிடத்தக்க நிலையை நெருங்கியது' என்றும் எழுதாதீர்கள்.

இப்போது கைடு சுட்டிய டிஸ்கஷனுக்கு வருவோம். ஒரே நேரத்தில், ஒரே ஃபார்மில், ஒரே ஆளிடம் இரண்டையும் கேட்டிருக்கிறீர்கள். இதில் 'உயர்த்துகிறது', 'தாக்கம்', 'வழிவகுக்கிறது', 'பங்களிக்கிறது' போன்ற வினைகள் எதற்கும் இடமில்லை. கோப்பில் இந்தச் சொற்களைத் தேடி ஒவ்வொன்றாக எடுங்கள். அதோடு நிறுத்தாமல், வேறு விளக்கங்களையும் உங்கள் மாணவர்களை வைத்தே எழுதுங்கள். வாழ்க்கையில் ஏற்கெனவே திருப்தியாக இருப்பவருக்கு நன்றி சொல்லக் காரணங்கள் கண்ணில் படலாம், அதாவது திசை தலைகீழாக இருக்கலாம். குடும்ப வருமானம், நண்பர்கள் ஆதரவு, இயல்பிலேயே உற்சாகமான சுபாவம் போன்ற மூன்றாவது ஒன்று இரண்டையும் சேர்த்து உயர்த்தியிருக்கலாம். நல்ல பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு அளவுகோலிலும் கூட்டிப் போட்டிருக்கலாம், அதுவும் கேட்டவர் சீனியர் என்றால். வருமானமோ விடுதி/வீடு விவரமோ உங்களிடம் இருந்தால் அதன் பங்கை விலக்கிக் கணக்கிடும் பகுதி ஒட்டுறவு போட்டுப் பாருங்கள், டிஸ்கஷனுக்கு உண்மையான சதை அதில் கிடைக்கும்.

திசையைப் பற்றிப் பேச மேற்கோள் வேண்டுமென்றால், வுட் குழுவினரின் 2008 ஆய்வு பொருத்தமானது. கல்லூரி முதல் பருவ மாணவர்களை இரண்டு முறை அளந்து, முன்பிருந்த நன்றியுணர்வு பின்னாளில் கூடுதல் ஆதரவையும் குறைந்த மன அழுத்தத்தையும் முன்கூட்டிக் காட்டுகிறதா என்று பார்த்தார்கள். அவர்கள் கண்டது அந்தத் திசைக்குச் சாதகம். உங்கள் முடிவு 'அதோடு முரண்படவில்லை' என்ற அளவில் நிற்கலாம், அதை நிரூபித்ததாகச் சொல்லக் கூடாது.

இலக்கிய மதிப்பாய்வில் பெரும்பாலான மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது: சுபாவமாக உள்ள நன்றியுணர்வும், பயிற்சியாகத் தரும் நன்றி டைரியும் ஒன்றாகக் கலந்துவிடுவது. நீங்கள் அளந்தது முதலாவது. எம்மன்ஸும் மெக்கலோவும் 2003இல் செய்தது இரண்டாவது. அதில் ஒரு சோதனையில் பத்து வாரம், வாரத்துக்கு ஒரு முறை, ஒரு குழு நன்றிக்குரியவற்றையும் இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றையும் மூன்றாவது குழு வெறும் நிகழ்வுகளையும் எழுதியது. எரிச்சலை எழுதியவர்களோடு ஒப்பிட்டால் நன்றிக் குழு நன்றாகத் தெரிவதில் வியப்பில்லை. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். டேவிஸ் குழுவினர் 2016இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வேறொரு செயலைச் செய்த குழுவோடு ஒப்பிடுகையில் நல்வாழ்வில் விளைவளவு 0.17, உளவியல் பயன் தரும் வேறு பயிற்சியோடு ஒப்பிடுகையில் -0.03. கிரெக், சீவன்ஸ் இருவரும் 2021இல் 27 ஆய்வுகளைத் திரட்டியதில் மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகளில் கிடைத்ததும் சிறிய பலன்தான். 2003 ஆய்வை மட்டும் சொல்லிவிட்டு இவற்றை விட்டுவிட்டால் மதிப்பாய்வு ஒருபக்கமாகிவிடும்.

ஆகவே 'கல்லூரிகளில் நன்றி டைரி எழுதவைக்க வேண்டும்' என்ற பரிந்துரையை எடுத்துவிடுங்கள். உங்கள் ஆய்வில் யாரும் டைரி எழுதவில்லை. அந்த இடத்தில் அடுத்து செய்ய வேண்டிய ஆய்வை எழுதுங்கள்: குலுக்கல் முறையில் பிரித்த இரண்டு குழுக்கள், ஒன்று நன்றி டைரி எழுதும், மற்றது அன்றாட நிகழ்வுகளை எழுதும், முன்னும் பின்னும் அளவீடு. 0.17 அளவு விளைவை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு ஏறத்தாழ 540 பேர் தேவை என்று ஒரு வரி சேர்த்தால், நீங்கள் விஷயத்தை உள்வாங்கியிருக்கிறீர்கள் என்று தெரியும்.

முன்னுரையில் நன்றியைப் பற்றிச் சமயம், தத்துவம், இலக்கியம் என்று பக்கம் பக்கமாக இருந்தால் ஒரு பத்தியாகச் சுருக்குங்கள். இந்தியக் கல்லூரி மாணவர்களிடம் ஏன் இதை அளக்க வேண்டும் என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும். குறைபாடுகள் பகுதியில் 'ஆள் எண்ணிக்கை குறைவு' என்ற ஒற்றை வரி போதாது. தெரிந்தவர்களுக்கு லிங்க் அனுப்பிச் சேர்த்த மாதிரி என்பதையும், ஆங்கில வினாத்தாளைத் தமிழ்வழியில் படித்தவர்களும் நிரப்பியிருக்கலாம் என்பதையும், அது எந்தத் திசையில் முடிவைச் சாய்க்கும் என்பதையும் எழுதுங்கள். புதிதாக எழுதிய பகுதிகளை ஒப்புமைச் சோதனைக்கு (பிளேஜியரிசம் செக்) மறுபடி அனுப்புங்கள். யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல். மதிப்பாய்வில் பிறருடைய அப்ஸ்ட்ராக்ட் வரிகளை ஒட்டியிருப்பதுதான் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டவைக்கிறது.

அப்ஸ்ட்ராக்டைக் கடைசியில் எழுதுங்கள், 250 சொற்களுக்குள். கைடிடம் தரும்போது ஒரு பக்கத்தில் அட்டவணை போட்டு இணையுங்கள்: இடப்பக்கம் அவர் சொன்ன குறிப்பு, நடுவில் நீங்கள் செய்த மாற்றம், வலப்பக்கம் பக்க எண். ஆல்ஃபா விஷயத்தை அவர் சுட்டியிருக்காவிட்டாலும் முதல் வரிசையில் நீங்களே எழுதுங்கள்: 3, 6 கூற்றுகளைத் திருப்பினேன், பழைய ஆல்ஃபா இது, புதிய ஆல்ஃபா இது, மாறிய அட்டவணைகள் இவை.