சூம் வகுப்பில் எதைக் கட்டாயமாக்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் உயர்தர (ஏ/எல்) உயிரியல் படிப்பிக்கிறேன். கிழமையில் இரண்டு இரவு சூமில் மேலதிக வகுப்பு. ஒருவரும் கமரா போடுவதில்லை. சாட்டில் வேண்டாத கதை ஓடுகிறது. யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஒழுங்குவிதி எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: கட்டாயம் கொடுங்கள், ரீச்சர். ஆனால் கமராவில் தொடங்காதீர்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு எல்லோரும் அவசரமாக ஒன்லைனுக்குப் போன காலத்திலிருந்தே பலர் பிடிவாதமாகக் கேட்பது அதைத்தான். பிள்ளை ஒற்றை அறை வீட்டில் தம்பி தங்கச்சியோடு இருந்துகொண்டு, அப்பா வயலால் வந்தபிறகு கிடைக்கும் போனில் படிக்கலாம். வீடியோ ஓடினால் டேட்டாவும் கரையும். முகம் தெரிந்தால் கவனிக்கிறது என்றும் இல்லை.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். அப்பாவின் போனில் வந்தால் அப்பாவின் பெயர்தான் விழும், சிலதில் போன் மொடல் மட்டும். வெயிட்டிங் ரூமைப் போட்டுவிட்டு, "சொந்தப் பெயரும் வகுப்பும் இல்லாவிட்டால் உள்ளே எடுக்கமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரே போனில் இரண்டு பேர் என்றால் இரண்டு பெயரும் வரட்டும். தெரியாத ஆட்கள் நுழைவதும் இதோடு நிற்கும்.

அடுத்தது சாட். சூமில் சாட்டை ஹோஸ்டுக்கு, அதாவது வகுப்பு நடத்தும் உங்களுக்கு மட்டும் போகும்படி மாற்றலாம். அப்படி மாற்றினால் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கமுடியாது. வெட்டிக்கதையும் பார்த்தெழுதலும் சேர்ந்தே ஒழியும். பிறகு ஒரு கேள்வி போடுங்கள்: "ஒடுக்கற்பிரிவு முடிய எத்தனை கலம்? எழுதுங்கோ, நான் சொல்லுமட்டும் அனுப்பவேண்டாம்." அரை நிமிடம் விட்டு "இப்ப அனுப்புங்கோ" என்றால் பதில்கள் ஒன்றாக வந்து விழும். யார் வகுப்பில் நிற்கிறார்கள், யார் போனை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், பத்து நிமிடத்துக்கு ஒருக்கா இதைச் செய்வது பத்து விதிகளைவிட மேல்.

மைக் மூடியிருக்கட்டும், கதைக்க விரும்பினால் கையடையாளம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஸ்கிரீன்ஷொட், ரெக்கோடிங் கூடாது. பொம்பிளைப்பிள்ளைகளின் படம் எந்தக் குறூப்புக்குள் போகும் என்று யாருக்கும் தெரியாது. மீறினால் பெற்றோரோடு கதைப்பேன் என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். மற்றப் பிழைகளுக்குத் தனியாக ஒரு மெசேஜ் போதும். எல்லோருக்கும் முன்னால் ஆளை வெளியேற்றவேண்டாம்.

உங்கள் பக்க வாக்குறுதியையும் அதே தாளில் எழுதுங்கள். லிங்க் மாறாது. இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதால் பாடம் 35 நிமிடத்தில் முடியும். குறிப்பு அன்றிரவே வட்ஸ்அப்பில் வரும். மழைக்குக் கரண்ட் போனாலோ சிக்னல் அறுந்தாலோ குற்றமில்லை. அடுத்தநாள் கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் வரவு உண்டு.

தாளை அனுப்பியதோடு விடாதீர்கள். முதல் வகுப்பில் பாடத்தை வைத்துவிட்டு, பெயர் மாற்றுவதையும் கை உயர்த்துவதையும் ஒவ்வொருவராகச் செய்யச் சொல்லிப் பாருங்கள். போனுக்குப் போன் பட்டன் இருக்கும் இடம் வேறு; அது தெரியாமல் பேசாமல் இருக்கிற பிள்ளைதான் குழப்படிக்காரன் என்று பெயர் வாங்குவது.