கேஸ் தீர்ந்துபோச்சா, கசிந்துபோச்சா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. மூன்று வருஷமாக ஏப்ரல் வந்தால் மெக்கானிக்கும் வருகிறார், "கேஸ் கம்மியா இருக்கு" என்கிறார், நிரப்பிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போகிறார். ஏன் குறைகிறது என்று கேட்டால், "உங்களுக்குச் சொன்னா புரியாதும்மா" என்று பதில். ஏமாற்றுகிறாரா?
– வாசகி, திருச்சி

பதில்: ஏமாற்றுகிறார் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் புரியாது என்றாரே, அதில்தான் எனக்குக் கோபம், ஏனென்றால் இது ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் புரியும். ஏசியில் இருக்கும் கேஸ் ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது பஞ்சர் ஒட்டாமல் டயருக்குக் காற்று அடிப்பது போலத்தான், அடுத்த ஏப்ரலில் திரும்ப வந்து நிற்பார்.

முறையாகச் செய்கிறவர் குழாயில் நைட்ரஜன் ஏற்றி, செம்புக் குழாய் வந்து சேரும் நட்டு, வெல்டு வைத்த இடம், வளைந்து வளைந்து போகும் காயில் குழாய் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். கசியும் இடத்தில் முட்டை முட்டையாக நுரை கிளம்பும். அதைச் சரிசெய்து, வேக்கம் போட்டுக் குழாயைக் காலி செய்து, அப்புறம்தான் கேஸ், அதுவும் தராசில் எடை பார்த்து. எந்த கேஸ், எவ்வளவு எடை என்று வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும், இப்போது வரும் பல ஏசிகளில் ஆர்-32 என்று இருக்கும். அடுத்த தடவை ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எங்க லீக்குன்னு காட்டுங்க தம்பி." காட்டினால் நல்ல ஆள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். (அதற்கு முன்னால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள், தூசி அடைத்திருந்தாலும் குளிர் வராது. அதற்கும் கேஸ் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு.)

கேள்வி: ஆறு வருஷமாக ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் சர்வீஸ் செய்கிறேன். வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் பணம் கேட்கும்போது சண்டை. "பத்து நிமிஷ வேலைக்கு 600 ரூபாயா?" என்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், மதுரை

பதில்: தம்பி, இருபது வருஷம் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன், உங்கள் கை நன்றாக இருக்கலாம், வாய் வேலை செய்யவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு பாட்டி வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் எடுக்காமல் 'டக்' 'டக்' என்று விழுந்துகொண்டிருந்தது. கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயை மாற்றினேன், ஓடியது, பணம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுவாரம் அந்தத் தெருவே பேசுகிறது, 'பின்னாடி கையை விட்டு எதையோ திருகிட்டு காசு புடுங்கிட்டான்' என்று. பாட்டியைக் குறை சொல்லி என்ன பயன், அவர் கண்ணில் பட்டது அவ்வளவுதானே.

அப்புறம் நான் செய்தது இதுதான். கழற்றிய ரிலேயை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, காதுப் பக்கம் வைத்து ஆட்டச் சொல்வேன். உள்ளே வில்லை உடைந்திருந்தால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும். புதியதையும் கொடுத்து ஆட்டச் சொல்வேன், அதில் சத்தம் இருக்காது. அதற்கப்புறம் பத்து நிமிஷக் கணக்கை யாரும் என்னிடம் பேசியதில்லை. ரேட்டையும் ஸ்குருவைக் கழற்றும் முன்னால் சொல்லுங்கள்: பார்க்க மட்டும் எவ்வளவு, பார்ட்ஸ் மாற்றினால் தோராயமாக எவ்வளவு, அதற்கு மேல் போனால் கேட்டுவிட்டுத்தான் செய்வேன் என்று. தெரியவில்லை என்றால் "பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இன்னொன்று, இரண்டு ஊர் தள்ளி நின்றுகொண்டு "பக்கத்துலதான் சார், வந்துட்டேன்" என்கிற பொய்யை விட்டுவிடுங்கள். இன்றைக்கு முடியாது, நாளைக் காலையில் வருகிறேன் என்றால் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள். லீவு போட்டு வீட்டில் உட்கார வைத்தால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.

கேள்வி: சர்வீஸ் சென்டரில் டிவியைக் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. போன் செய்தால் "பார்ட்ஸ் வரணும்" என்பதோடு சரி. என்ன வழி?
– வாசகர், கோவை

பதில்: போனில் பேசுவதை நிறுத்துங்கள். என்ன பார்ட், எப்போது ஆர்டர் போட்டீர்கள், எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று மூன்றையும் மெயிலில் கேளுங்கள், எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். டிவியைக் கொடுத்தபோது தந்த ஜாப் ஷீட் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடி எடுங்கள், அதைத் தொலைத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள்தான் அதிகம்.