ஏற்றுமதிக்கு முன் சோதனை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): 3,000 டர்னிங் (லேத்தில் கடைந்த) பாகங்களுக்கு ஆர்டர். 'லெவல் 2, ஏக்யூஎல் 1.0' என்று பார்ட்டி கேட்டிருக்கிறார்கள். எத்தனை பீஸ் பார்க்க வேண்டும்? அதில் பழுது வந்தால் அதை மட்டும் மாற்றி வைத்தால் போதாதா?

பதில்: ஏக்யூஎல் என்பது ஏற்கத்தக்க பழுது சதவீதத்தின் எல்லை; லெவல் 2 என்பது வழக்கமான சோதனை அளவு. சாம்பிள் சோதனைக்கான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி, 1,201 முதல் 3,200 வரையுள்ள லாட்டுக்கு (ஒரே தொகுப்பாகச் சோதிக்கும் சரக்குக்கு) சாம்பிள் 125. சாதாரணச் சோதனையில் 3 பழுது வரை லாட் பாஸ். 4 வந்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். அந்த நாலை மட்டும் மாற்றி வைப்பது தவறு. நீங்கள் தொடாத 2,875 பீஸிலும் அதே மாதிரி பழுது இருக்கவே செய்யும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்துவிட்டு, பிறகு புதிதாக 125 எடுக்க வேண்டும். 3 வரை பாஸ் என்பதால் கண்ணில் பட்ட மூன்று பழுதையும் பெட்டியில் போட்டு அனுப்பலாம் என்று பொருளில்லை. அவற்றை எடுத்தே ஆக வேண்டும்.

சாம்பிளை மேல் பெட்டியிலிருந்து அள்ளுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அளவு ஓடுவது (மாறிப்போவது) இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றியவுடன் வரும் முதல் சில பீஸ்களிலும், இன்சர்ட் தேய்ந்து முடியும் நேரத்திலும். அதனால் ட்ரேயிலேயே நேரத்தையும் இன்சர்ட் மாற்றியதையும் எழுதச் சொல்லுங்கள். சாம்பிள் எடுக்கும்போது அந்த ட்ரேக்களைத் தவறவிடாதீர்கள். இரண்டு மெஷினில் ஓட்டியிருந்தால் இரண்டு லாட்டாகப் பிரித்துப் பாருங்கள். 1,500 பீஸ் என்றாலும் சாம்பிள் 125தான், பாதியாகக் குறையாது.

கேள்வி (கோவை வாசகர்): எம்8 ஸ்டட் (8 மி.மீ. மறை வெட்டிய கம்பி), பிட்ச் (மறை இடைவெளி) 1.25. மெஷினிலிருந்து இறக்கியபோது 6ஜி (மறை அளவு எவ்வளவு விலகலாம் என்ற வகுப்பு) கோ ரிங் (ஏறியாக வேண்டிய சோதனை வளையம்) சுலபமாக ஏறியது. 8 மைக்ரான் ஜிங்க் பிளேட்டிங் போட்டு வந்ததும் ஏறவில்லை. பிளேட்டிங் போட்டவர் மீது தவறா?

பதில்: அவர் சொன்ன 8 மைக்ரானைத்தான் போட்டிருக்கிறார் என்றால், அவர் மீது தவறில்லை. 60 டிகிரி மறையில் பூச்சு இரண்டு பக்கச் சரிவிலும் படிவதால், பிட்ச் டயாமீட்டர் (மறைச் சரிவின் நடுவில் அளக்கும் விட்டம்) பூச்சின் தடிமனைப் போல நான்கு மடங்கு கூடும். 8 மைக்ரானுக்கு 32 மைக்ரான். எம்8 6ஜி-யின் மேல் எல்லை 7.160 மி.மீ. அந்த எல்லையில் கடைந்த ஸ்டட் பிளேட்டிங்குக்குப் பின் 7.192 ஆகிவிடும். வழக்கமான விதிப்படி பூச்சுக்குப் பின் தாண்டக்கூடாத அளவு 7.188. நட்டு ஏறாமல் திரும்பி வரும் சரக்கில் நிறைய இந்த 4 மைக்ரானில் விழுந்ததுதான்.

பூச்சு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் படியாது; விளிம்பிலும் மறையின் நுனியிலும் கூடுதலாக ஏறும். அதனால் 10 மைக்ரான் என்று கணக்கு வைத்து, பிளேட்டிங்குக்கு முன் 7.148-ஐத் தாண்டாமல் கடையுங்கள். கீழ் எல்லை 7.042 என்பதால் 0.1 மி.மீ.க்கு மேல் இடம் மிச்சம் இருக்கிறது. மறைப் பள்ளங்களில் கம்பி வைத்து அதன்மேல் அளக்கும் மூன்று கம்பி முறையில் பார்ப்பதென்றால் 0.722 மி.மீ. கம்பிக்கு மைக்ரோமீட்டர் 8.231-க்கு மேல் காட்டக் கூடாது. தினமும் ஓடும் ஜாப் என்றால் 7.148-க்குத் தனி கோ ரிங் செய்து வாங்கிவிடலாம்.

பூச்சுக்குப் பின் பார்க்க வேண்டியது 6ஹெச் (சிறிய எழுத்து h; மேல் எல்லை அந்த 7.188) கோ ரிங்கால். 6ஜி ரிங்கால் பார்த்தால் நல்ல ஸ்டட்டும் ரிஜெக்ட் ஆகும். ட்ராயிங்கில் உள்ள 6ஜி பூச்சுக்கு முன்பா பின்பா என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நோ-கோ ரிங் (முழுதும் ஏறக் கூடாத வளையம்) இரண்டு சுற்று வரை ஏறலாம், அதற்கு மேல் ஏறினால்தான் ரிஜெக்ட்.

கேள்வி (ஓசூர் வாசகர்): அலுமினியம் ஹவுசிங், 100 மி.மீ. ஹெச்7 போர் (100.000-க்குக் குறையக் கூடாத துளை). எங்கள் போர் கேஜில் 100.010. ஜெர்மனியில் அளந்துவிட்டு '99.994, அளவு குறைவு' என்கிறார்கள். கேஜ் காலிபரேஷன் சரியாக இருக்கிறது.

பதில்: அப்படியென்றால் உங்கள் பட்டறையின் வெப்பத்தைப் பாருங்கள். ட்ராயிங் அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியவை. பட்டறையில் 34 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். நீங்கள் கேஜை செட்டிங் செய்யும் ஸ்டீல் மாஸ்டர் ரிங் (அளவு உறுதியான வளையம்) சுமார் 11.5. ரிங்கும் சேர்ந்து விரிவதால், 100 மி.மீ.க்கு 14 டிகிரியில் மிஞ்சும் வித்தியாசம் 16 மைக்ரான். ஹெச்7-க்கு உள்ள மொத்த டாலரன்ஸே (அனுமதித்த விலகலே) 35 மைக்ரான்தான். ஸ்டீல் ஜாப்பில் இது தெரியாமல் போகும், அலுமினியத்தில் மாட்டிக்கொள்ளும். பாகத்தையும் மாஸ்டரையும் கேஜையும் 20 டிகிரி அறையில், ஒரே கிரானைட் மேசைமேல் இரவு முழுதும் வைத்துக் காலையில் அளங்கள். அறை இல்லாதவர்கள் 16 மைக்ரானைக் கழித்துக் கணக்கிடலாம். ஆனால் மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்தால் அந்தக் கணக்கும் உதவாது.

கேள்வி (திருச்சி வாசகர்): 'இஎன் 10204 3.1' சர்டிஃபிகேட்டை (மெட்டீரியல் சோதனைச் சான்றை) வெளி லேப்பில்தான் வாங்க வேண்டுமா?

பதில்: இல்லை. மெட்டீரியலைத் தயாரித்தவரே கொடுப்பது அது; உற்பத்திப் பிரிவுக்குக் கட்டுப்படாத அவருடைய சோதனைப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். வாங்குபவர் தரப்பின் கையெழுத்தும் கேட்டால் அது 3.2. சர்டிஃபிகேட்டில் உள்ள ஹீட் நம்பர் (உலோகம் உருக்கிய தொகுதியின் எண்) உங்கள் ராடில் உள்ள நம்பரோடு பொருந்துகிறதா என்று ராடு வந்து இறங்கும்போதே பாருங்கள். வெட்டிய பிறகு நிரூபிக்க முடியாது.

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்): விசிஐ (துருவைத் தடுக்கும் ஆவி விடும்) பையில் போட்டும் ஸ்டீல் பாகங்களில் துருப்புள்ளி. ஏன்?

பதில்: துருவின் விதை பெரும்பாலும் பைக்குள்ளேயே போய்விடுகிறது. கூலன்ட் மிச்சம், வெறுங்கையின் வியர்வை, கழுவிய ஈரம் ஆறாத துளை, இடையில் வைத்த சாதாரண அட்டை இவற்றில் ஒன்றாக இருக்கும். கழுவி, காற்றடித்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு கையுறையோடு பேக் செய்யுங்கள். பையின் வாயை மூடுங்கள். திறந்து கிடந்தால் அந்த ஆவி வெளியேறிவிடும். பித்தளை புஷ் சேர்ந்த பாகம் என்றால் இரும்புக்கு மட்டுமான விசிஐ வேண்டாம், பல உலோகத்துக்கானதைக் கேளுங்கள்.

பேலட்டையும் கவனியுங்கள். மரப் பேக்கிங்குக்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரையில் உள்ள 'ஹெச்டி' என்ற குறி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்ததைச் சொல்கிறது, அவ்வளவே. பூச்சி சாவதற்கான விதி அது. மரம் காய்ந்ததற்குச் சான்று கிடையாது. ஈரப் பேலட் கண்டெய்னருக்குள் போனால் பகல் சூட்டில் ஆவியாகி, இரவில் கூரையில் வியர்த்துப் பெட்டிகள்மேல் சொட்டும். ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் பேலட்டைத் திருப்பிக் கொடுங்கள்.