சூப்பர்வைசரின் மொழிபெயர்ப்பு

அன்புள்ள சார்,

உங்கள் மருத்துவமனைக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். சென்னையில் கவுன்சிலிங் சைக்காலஜி முடித்துவிட்டு, எட்டு மாதமாகத் திருப்பூரில் ஒரு தொண்டு நிறுவனம் வழியாக பனியன் கம்பெனி ஹாஸ்டல்களுக்குப் போய்வருகிறேன். பாதிப்பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள். மீதி நம் ஊர்க்காரர்கள்.

சென்ற மாதம் பத்தொன்பது வயது ஒடிசாப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். தலை சுடுகிறது என்கிறாள், தூங்குவதில்லை, வேலையில் நிற்கும்போதே இரண்டுமுறை கீழே விழுந்துவிட்டாள். எனக்கு ஒடியா தெரியாது. அவளுடைய லைன் சூப்பர்வைசருக்குத் தெரியும், அவர்தான் மொழிபெயர்த்தார். அவள் நீளமாகச் சொல்வாள், அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். கடைசியில், “இவங்க ஊர்ல சாமி வர்றது சகஜம் மேடம், அவங்க கல்ச்சர் அப்படி” என்றார். நானும் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதினேன்.

இன்னொன்று. தாராபுரம் பக்கத்து அம்மா ஒருவர் மகளைக் கூட்டிவந்தார். குலசாமிக்குச் செய்யவேண்டியதை விட்டுவிட்டதால் பெண்ணைக் காத்துக்கருப்பு பிடித்திருக்கிறது என்கிறார். நான் என்ன பேசினாலும், “அதெல்லாஞ் சரிங்க அம்மிணி, நீங்களே ஒரு வழி சொல்லிப்போடுங்க” என்பதே பதில். அறிவுரை சொல்லக்கூடாது என்றுதானே எங்களுக்குப் பயிற்சி?

பல பண்பாட்டினருக்கான கவுன்சிலிங் என்று ஓர் அமெரிக்கக் கையேட்டை வாங்கினேன். ஆசியர்கள் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள், குடும்பத்தைக் கேட்டே முடிவெடுப்பார்கள் என்று அதில் ஒரு பக்கம். நானும் ஆசியாக்காரிதானே சார்! இவர்களுடைய பண்பாட்டை எங்கிருந்து கற்பது? ஒடிசா பற்றி என்ன படிக்கலாம்?

மி. (பெயர் வேண்டாம்)

அன்புள்ள மி.,

ஒடிசா பற்றிப் படிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த சூப்பர்வைசரை அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள்.

அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் அவளுக்கு லீவு கொடுப்பவர் அவர், ஓவர்டைம் எழுதுபவர் அவர், பீஸ் குறைந்தால் சத்தம் போடுபவரும் அவர்தான். அவர் வாய்வழியாக அவள் உங்களிடம் எதைச் சொல்லிவிட முடியும்? அவள் நீளமாகச் சொன்னதும் அவர் சுருக்கியதும் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. விட்டுப்போன அந்த நீளத்தில்தான் உங்கள் வேலை இருக்கிறது. ‘கல்ச்சர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது அவள் சொன்ன சொல் இல்லை. அவளை மேய்க்கிறவர் சொன்னது.

அறைத்தோழியை வைத்துப் பேசலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். ஹாஸ்டலில் ஒரு பேச்சு இரவுக்குள் மூன்று மாடி ஏறிவிடும். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி உதவி, டெலி மானஸ், எண் 14416 இருக்கிறது, ஒடியா உட்படப் பல மொழிகளில் பேசலாம். அவளைத் தனியாக உட்காரவைத்து உங்கள் போனைக் கையில் கொடுத்துவிட்டு, நீங்களும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். நிர்வாகம் முணுமுணுத்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது என்று சொல்லுங்கள். நம் கனிவை மதிக்காதவர்களும் சட்டம் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் நகர்ந்து கொடுப்பார்கள். இது என் அனுபவம்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். அவளுடைய மொழி ஒடியாதானா? மயூர்பஞ்சிலிருந்து வந்தவளாக இருந்தால் வீட்டில் சந்தாலி பேசுபவளாக இருக்கலாம். கந்தமால் பக்கமென்றால் குயி. குயி நம் திராவிடக் குடும்பத்து மொழி, ஒடியாவைவிடத் தமிழுக்குத்தான் அது உறவு. சந்தாலிக்கு ஓல் சிக்கி என்று தனி எழுத்தே உண்டு. 1925இல் அதை உருவாக்கிய ரகுநாத் முர்மு மயூர்பஞ்சுக்காரர். அப்படிப்பட்ட பெண்ணுக்கு ஒடியா பள்ளிக்கூடத்து மொழி. பயத்தையும் ஆத்திரத்தையும் நாம் பள்ளிக்கூடத்து மொழியிலா சொல்கிறோம்? ‘ஒடிசாப் பெண்’ என்று நீங்கள் ஒற்றைச் சொல்லில் எழுதியதைத் திருப்பூர் முழுக்கவே அப்படித்தான் சொல்கிறது. அதற்கும் முன்னால் ‘இந்திக்காரங்க’ என்றார்கள். அந்த வகையில் ஒரு படி முன்னேறியிருக்கிறோம்.

பண்பாடு என்ற சொல்லின் மேல் எனக்கு இவ்வளவு சந்தேகம் ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் வட்டாரமே கற்றுக்கொடுத்ததுதான். சுமங்கலித் திட்டம் நினைவிருக்கிறதா? கல்யாணமாகாத பெண்களை மூன்று வருடம் நூற்பாலை விடுதியில் தங்கவைத்து, முடிவில் ஒரு தொகை, அதை வரதட்சணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தினக்கூலியில் பிடித்து வைத்ததைக் கடைசியில் பரிசுபோலக் கொடுக்கிற ஏற்பாடு. உடம்பு கெட்டு நடுவில் வீடு திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை முழுதாகக் கைக்கு வரவில்லை. அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: சுமங்கலி. மஞ்சளும் குங்குமமும் மணக்கிற சொல்லாகப் பார்த்து ஒரு கூலி ஒப்பந்தத்துக்குச் சூட்டினார்கள். அதனால், இது அவங்க கல்ச்சர் என்று யாராவது சொன்னால், சொல்கிறவருக்கு அதில் என்ன மிச்சமாகிறது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் அமெரிக்கக் கையேட்டை நீங்கள் கேலி செய்தது சரி. ஆனால் அது பிறந்த இடத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. 1970களில் சியாட்டில் பகுதி மனநல மையங்களின் பதிவுகளை ஸ்டான்லி சூ என்ற உளவியலாளர் எடுத்துப் பார்த்தார். சிறுபான்மை இனத்தவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரே ஒரு முறை வந்ததோடு சரி. வெள்ளையரில் அப்படி நின்றுபோனவர்கள் சுமார் 30 சதவீதம். வந்தவர் ஏன் திரும்பவில்லை என்ற கேள்வி உண்மையானது. வெள்ளைக்காரக் கவுன்சிலர்கள் தங்களைப் போன்றவரே எதிரிலும் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைத் திருத்தத்தான் கையேடுகள் வந்தன. நாளாவட்டத்தில் அவை ராசிபலன் ஆகிவிட்டன: ஆசியர் இப்படி, கறுப்பர் அப்படி.

அந்தப் பலன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, கலிபோர்னியாவின் மெலனி டெர்வலான், ஜான் மரே கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 1998இல் எழுதிய கட்டுரையில் ஒரு காட்சி உண்டு. அறுவை சிகிச்சை முடிந்து சில மணிநேரமான லத்தீன் அமெரிக்கப் பெண் படுக்கையில் முனகிக்கொண்டிருக்கிறார். அவர் இனத்தவரான ஒரு டாக்டர் வந்து பார்த்து, வலி அதிகமிருக்கும் போலிருக்கிறதே என்கிறார். நர்ஸ் மறுக்கிறார். பல பண்பாட்டு மருத்துவம் பற்றி அவர் படித்திருக்கிறாராம், இந்த இனத்தவர் வலியைக் கூட்டித்தான் காட்டுவார்களாம். அந்த நர்ஸ் கறுப்பினப் பெண். பக்கத்தில் நிற்பவரே அந்த இனத்தவர். இருந்தும் அவரைக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. பாடம்தான் படித்தாகிவிட்டதே.

சிரிக்கவேண்டாம், நானும் அதைச் செய்தவன். ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து ஒரு முஸ்லிம் அம்மாவை மகன் கூட்டிவந்திருந்தார். நான் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார், அல்லது மகன் முகத்தைப் பார்ப்பார். வேற்று ஆணிடம் பேச மார்க்க வழக்கம் இடம் தராது போல என்று ‘புரிந்துகொண்டு’, பெருந்தன்மையாக எழுந்துபோய் ஒரு பெண் சகாவை அனுப்பினேன். அவரிடமும் அதே மௌனம். ‘ஆழ்ந்த கூச்சம், பண்பாட்டுக் காரணம்’ என்று எழுதிவைத்தேன். அழகான கையெழுத்து வேறு எனக்கு. மறுநாள் வார்டு ஆயா, “இந்தம்மாவுக்குக் காது மந்தம் சார்” என்றார். கஞ்சி வேணுமா என்று கத்திக் கேட்டிருக்கிறார், பதில் கணீரென்று வந்திருக்கிறது. காது கேட்காததை மருமகளிடம் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வருடமாக யாரிடமும் பேசாமல் ஒதுங்கிப்போனவர் அவர். எங்கள் குறிப்புகளில் அதற்குள் மதமும் பாலினமும் வந்துவிட்டன. காது மட்டும் வரவில்லை.

அதனால் என் வரிசை இது: பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எந்த மொழி, தூக்கம், சாப்பாடு, கூலி, காது. இத்தனையும் பார்த்தபிறகும் புரியாத ஒன்று மிஞ்சினால் அப்போது பண்பாட்டுக்கு வரலாம். மிஞ்சும், நிச்சயம் மிஞ்சும். பண்பாடே கிடையாது என்று நான் சொல்லவில்லை.

அப்படி மிஞ்சுவதில் முக்கியமானது சொல். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர் இருக்கிறார். அவரிடம் வரவேண்டிய ஒரு பெண் பஸ் செலவுக்குக் காசில்லாமல் வராமலே தற்கொலை செய்துகொண்டார். அதற்குப் பிறகு, 2006இல், ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். முதலில் வைத்த பெயர் மனநல பெஞ்சு. இந்தப் பெயரென்றால் ஒரு ஆளும் வந்து உட்காரமாட்டார்கள் என்று சொன்னவர்கள் பாட்டிகள்தான். பெயர் மாறியது. ஆங்கிலத்தில் அது நட்பு பெஞ்சு, அவர்களுடைய ஷோனா மொழியில் யோசனை சொல்லிக்கொள்ளும் இருக்கை. மனச்சோர்வு என்ற நோய்ப்பெயரையும் பாட்டிகள் பயன்படுத்துவதில்லை. அங்கே மக்கள் சொல்வது ‘குஃபுங்கிசிசா’. அளவுக்குமீறி யோசிப்பது என்று பொருள். பிற்பாடு 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பாட்டிகளிடம் பேசியவர்களின் சோர்வு வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தது.

இதை முதலில் படித்தபோது எனக்கு நம் சொல் நினைவுக்கு வந்தது. “ஒரே யோசனையா இருக்கு” என்றால் கவலை. “ஒரு யோசனை சொல்லுங்க” என்றால் வழி. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறோம். மண்டபம் முகாமில் ஈழத்து அம்மாக்கள் “யோசினை, யோசினை” என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னதைப் பல வருடம் நான் ‘ஆங்சைட்டி’ என்று மொழிபெயர்த்து எழுதியிருக்கிறேன். நானும் ஒருவகையில் சூப்பர்வைசர்தான்.

தாராபுரம் அம்மாவுக்கு வருகிறேன். அறிவுரை சொல்லக்கூடாது என்ற விதி ஓர் ஊரில் பிறந்த விதி. தன் முடிவைத் தானே எடுப்பவரே முழு மனிதர் என்று நம்புகிற ஊர் அது. ஜே. எஸ். நேகி என்ற மனநல மருத்துவர், பஞ்சாபிக் கவிஞரும்கூட, 1973லேயே இதை எழுதினார். இந்தியாவில் சிகிச்சைக்கு வருகிறவர் எதிரில் இருப்பவரைக் குருவாகப் பார்க்கிறார், அந்த உறவை மறுத்துவிட்டு இங்கே வேலை நடக்காது என்பது அவருடைய வாதம். நான் அவரோடு பாதிவரை போவேன். குருவாக உட்கார்ந்துவிட்டால் இறங்குவது கஷ்டம், நாற்காலி சுகமாகத்தான் இருக்கும். ஆனால் “வழி சொல்லுங்க” என்று வந்தவரை “உங்களுக்கு என்ன தோணுது?” என்று திருப்பி அனுப்பினால், அம்மிணிக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அவர் பஸ் ஏறுவார். பாட்டிகள் செய்ததைச் செய்யுங்கள். இருக்கிற பிரச்சினைகளில் ஒன்றை அவரே பொறுக்கட்டும். அதற்கு இந்த வாரம் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றை இருவரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். வீட்டுக்கு அவர் கையில் ஏதாவது கொண்டுபோகவேண்டும்.

காத்துக்கருப்போடு வாதம் வேண்டாம். அது எப்போது வருகிறது, யார் இருந்தால் வருவதில்லை, யார் பெயரைச் சொல்லிப் பேசுகிறது என்று கேளுங்கள். குடும்பம் உங்கள் படிப்பு மொழியில் சொல்ல முடியாததையெல்லாம் அந்த மொழியில் தாராளமாகச் சொல்லும். குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறோம் என்றால் வைக்கட்டும், மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் முத்துசாமி கோவில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை மனநல மருத்துவர் ரகுராமும் சகாக்களும் கவனித்து 2002இல் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. தனிச்சடங்கு எதுவும் அங்கே இல்லை, அதட்டாத இடம், கூடவே குடும்பம், அவ்வளவுதான். 31 பேர் கைப்பிடி அளவு, ஒப்பிட வேறு குழுவும் கிடையாது. ஆனாலும் நான் அதைத் தூக்கிப்போட மாட்டேன். அதே சமயம், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தர்காவை நம்பிக் கூட்டிவந்த மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் கருகினார்கள். அவர்களும் நம்பிக்கையோடு கூட்டிவரப்பட்டவர்கள்தான். தாராபுரத்துப் பெண்ணின் கையிலோ காலிலோ கட்டின தடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இருந்தால் நம்பிக்கையை மதிப்பது அந்த இடத்தோடு நின்றுவிடவேண்டும்.

கேள்விகளுக்குக் கையேடு வேண்டுமென்றால், அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூலின் 2013 பதிப்பில் பண்பாடு பற்றிய 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணல் இருக்கிறது. ‘இன்ன இனத்தவர் இப்படி’ என்று அதில் ஒரு வரிகூட இல்லை, எல்லாம் எதிரில் இருப்பவரிடம் கேட்பதுதான். எனக்குப் பிடித்த கேள்வியை நம் பேச்சில் இப்படிக் கேட்பேன்: “இதையே உங்க வீட்ல சொல்றதா இருந்தா எப்படிச் சொல்லுவீங்க?”

அந்தப் பெண்ணிடம் இதைக் கேளுங்கள், அவள் வீட்டுமொழியிலேயே பதில் சொல்லட்டும். உங்களுக்குப் புரியாவிட்டாலும் காதில் விழுந்தபடி தமிழெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தலை சுடுவதற்கு அவள் அம்மா என்ன சொல் சொல்வாள் என்று தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.