ராக்காவலுக்கு ஆள் சேரவில்லை என்றால்

தம்பி, கேஸ் சிலிண்டர் களவுக்காகத் தொடங்கிய உங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) காவல் குழு மூன்றே மாதத்தில் கலைகிறது, வருசம் முழுக்க எப்படி இழுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் இதே கதைதான். கள்ளன் வராத ராத்திரியில் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பார்? விடிந்தால் கொழுந்துக்குப் போக வேண்டுமே.

ரோந்தைச் சனி, ஞாயிறோடு நிறுத்திவிட்டுப் பகல் வேலையைப் பிடித்தோம். தைப்பொங்கலுக்கு முன் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு லைட் போட்டோம். மே கடைசியில் தென்மேற்கு மழை பிடிக்கும், அதற்குள் லயத்துக்குப் பின்னால் உள்ள வடிகானை வெட்டித் துப்புரவாக்கினோம்.

அப்புறம் மழை அளக்கத் தொடங்கினோம். காசு வேண்டாம், நேரான தகர டப்பாவும் அடிமட்டமும் போதும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மண்சரிவுக்கு விழிப்பு, 100 என்றால் மூட்டை கட்டி ஆயத்தம், 150 என்றால் உடனே வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு இது. காலையும் மாலையும் கொப்பியில் குறிப்பது எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, பெரியவர்களைவிட ஒழுங்கு. பொலிஸ் அவசர இலக்கம் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இரண்டையும் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள்.

குழுக் காசைத் திருவிழாக் காசோடு மட்டும் கலக்காதீர்கள். நாங்கள் கலந்து பட்ட பாடு போதும், இன்னும் இரண்டு வீட்டுக்காரர் பேசிக்கொள்வதில்லை.